கவாத்து முடிந்த தோட்டத்தில் ஒரு கல்யாணம்

என் முதல் கல்யாணத்தில் தாலி ஏறிய நேரத்தில் நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. கேமராக்காரனைப் பார்த்தேன். "அக்கா, இங்கன பாருங்க, இங்கன" என்று நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். அவன் சட்டையில் மேல் பொத்தான் இல்லாதது வரைக்கும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கட்டியவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது. ஆல்பத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அதில் அவர் என் அண்ணனின் தோளுக்குப் பின்னால் பாதிதான் இருக்கிறார். மண்டப வாசலில் வைத்த பேனரிலும் அண்ணன்தான் பெரிது, செல்போனைக் காதில் வைத்துச் சிரித்தபடி. பெண்ணும் மாப்பிள்ளையும் அடியில், தபால்தலை அளவில்.

அந்த வாழ்க்கை சில வருஷம் ஓடி, கோர்ட்டில் முடிந்தது. அந்தக் கதை இங்கே வேண்டாம். மண்டபம் கொள்ளாமல் வந்து அட்சதை போட்ட கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கோர்ட் வாசலுக்கு வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே பந்தி கிடையாது அல்லவா.

உத்தமபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பதுதான் பிழைப்பு. அளவெடுக்கும்போது பெண்கள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளால் எதையும் மறைக்க முடியாது போலிருக்கிறது. மகள் ஜாக்கெட்டுக்காகக் கூட வரும் அம்மாக்களையும் விடமாட்டேன். "உங்க கல்யாணத்தன்னைக்கு உங்களுக்கு என்னக்கா ஞாபகம் இருக்கு?" என்று கேட்பேன். எனக்கு மனுசர் பேச்சு என்றால் அத்தனை ஆசை. நான் படித்த படிப்பே அதுதான்.

"பசிச்சதுதான் ஞாபகம் இருக்கு. எல்லாரும் சாப்புட்டாக, என்னையத் தவுர" என்றார் ஒருத்தர். "கொண்டையில ஊசி குத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார் சின்னமனூர் டீச்சர். "ஜாக்கெட் கை இறுக்கிப் பிடிச்சு விரலே மரத்துப் போச்சு. தாலி கட்டுனாரா கயிறு கட்டுனாரான்னுகூடத் தெரியல" என்றார் வேறொருத்தர். இன்னொரு அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: "ஒன்னுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு ஆத்தா. யாருட்டச் சொல்ல? ஐயருட்டயா?"

கட்டியவர் முகம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, அதே வாயால் மகளுக்கு அதே மண்டபத்தையும், அதே இறுக்கமான கையையும் கேட்பார்கள். தன் கொண்டையில் குத்திய ஊசியைப் பத்திரமாக எடுத்து வைத்து மகள் கொண்டையில் குத்துவதற்குப் பேர்தான் எங்கள் பக்கம் முறைமை.

இந்தக் கூத்தை என்னைப் போலவே பக்கத்தில் நின்று பார்த்துச் சலித்தவர் இன்னொருவர் இருந்தார். கம்பத்தில் பந்தல் போடுகிறவர். மனைவி இறந்து வெகுநாளாகிறது, பிள்ளை இல்லை. கிழிந்த பந்தல் துணியைத் தைக்க என் கடைக்குக் கொண்டுவருவார். ஒருநாள், "நான் பந்தலப் போட்டுட்டு வெளிய நின்னு பாப்பேன். உள்ள ஒருத்தரும் கல்யாணத்தப் பாக்க மாட்டாக. பந்தியில எடம் விழுந்துருச்சான்னுதான் பாப்பாக" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு டீ சொன்னேன். டீ பல மாதம் ஓடியது. நாற்பதைத் தாண்டிய இரண்டு பேருக்கு அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

கல்யாணம் என்று பேச்சு வந்ததும் நான்தான் கேட்டேன். "ஓடிப்போயிருவமா?"

"எங்கிட்டு?"

"எங்கிட்டாச்சும். நம்ம ரெண்டு பேரு மட்டும்."

"நம்மளத் தொரத்துறதுக்கு யாரு இருக்கா, ஓடுறதுக்கு?"

அது சரிதான். எங்கள் பக்கம் ஓடிப்போவதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்காருவார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வேன் பிடித்து வந்து இறங்கும். ஓடிப்போகிற கல்யாணத்துக்குக்கூடக் கூட்டம் வேண்டும் இவர்களுக்கு.

"எனக்கு ஒன்னே ஒன்னுதான் வேணும்" என்றேன். "நீங்க தாலி கட்டும்போது உங்க மொகத்த நான் பாக்கணும். ஊடால ஒரு ஆளு வரக்கூடாது."

"அம்புட்டுத்தானே" என்றார். அம்புட்டுத்தான். ஆனால் அந்த அம்புட்டுக்கு எத்தனை பேரை விரட்ட வேண்டியிருந்தது!

முதலில் வந்தவன் தேனியில் கல்யாண ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு தம்பி. பந்தல்காரரிடம் சாமான் வாடகைக்கு எடுப்பவன். அவன் காதுக்குச் செய்தி போய்விட்டது.

"அக்கா, இப்ப அதுதான் டிரெண்டு. ஓடிப்போறதத்தான் எலோப்மென்ட்னு சொல்லுவாக. ரெண்டே பேரு. ரொம்பப் பெர்சனல். நாங்களே ஏ டு இசட் பண்ணித் தாரோம்."

"யாரு யாரு வருவீக?"

"கூட்டமே இருக்காதுக்கா. போட்டோக்கு ஒருத்தரு, வீடியோக்கு ஒருத்தரு, லைட் பிடிக்க ஆளு, ட்ரோனுக்குத் தனி ஆளு, மேக்கப் அக்கா, அவுகளுக்கு ஒரு துணை, அப்பறம் கலர் புகை போடுற பையன்."

"ரெண்டு பேருன்னு சொன்ன?"

"அது நீங்கக்கா. நாங்க இருக்கதே உங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் தனியா இருக்க மாதிரி நேச்சுரலா நடந்து வருவீக. சரியா வரலேன்னா திருப்பி நடப்பீக."

தலைக்கு மேல் ட்ரோன் கத்த, காலடியில் ஊதாப் புகை எழும்ப, தனியாக இருக்க மாதிரி நான் திருப்பித் திருப்பி நடக்க வேண்டுமாம். தனியாக இருக்கிற இரண்டு பேரைத் தனியாக இருக்க மாதிரி ஆக்குவதற்கு ஒரு வேன் நிறைய ஆட்கள். இதைப் படித்துவிட்டு வேறு வந்திருக்கிறான் பிள்ளை. "தம்பி, தாலியையாச்சும் அவரு கட்டுவாரா, அதுக்கும் உங்கள்ட்ட ஆளு இருக்கா?" என்றேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தான். தொழிலில் தேறிவிடுவான்.

அடுத்து அண்ணன். கோர்ட்டுக்கு நான் நடந்த நாளெல்லாம் மூட்டுவலி என்று வீட்டில் இருந்தவர், இதைக் கேட்டதும் கடைப்படியைக் கடகடவென்று ஏறி வந்தார்.

"ஏத்தா, ஓடிப்போகப் போறியாமே?"

"நடந்துதான்ணே போகப் போறேன். எனக்கும் முழங்கால் வலி."

"வெளையாடாத. ஊருக்குள்ள எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. ரெண்டாங் கல்யாணம்னாலும் முறையா மண்டபத்துல வச்சுச் செய்வோம். நாலு பேரு கேட்டா நான் தலைய எங்கன வச்சுக்கிறது?"

"இருக்க எடத்துலயே வைங்கண்ணே. அதுக்குன்னு தனியா ஒரு எடமா?"

என்னைப் பெரிய அடங்காதவளாகப் பார்த்தார். "பேனராச்சும் ஒன்னு வச்சுக்கிறவா?" என்று கடைசியில் கேட்டார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு முழு அருவருப்பும் வந்தது. தங்கை மேல் பாசம் என்றால்கூட ஒரு மூச்சு அழுதிருப்பேன். அவருக்குத் தேவை தன் படத்தை நிறுத்த ஒரு சந்து.

இவர்களை விரட்டுவது சுலபம். கஷ்டம் உள்ளேயிருந்து வந்தது. பந்தல்காரரின் அக்கா கடமலைக்குண்டில் இருக்கிறார். அவர் போனில் பேசியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏலே, மொத முடிச்சு நீ போடு. மத்த ரெண்டையும் யாருலே போடுவா? பொறந்தவ நான் கல்லு மாதிரி இருக்கேன்ல?"

நாத்தனார் முடிச்சு. பந்தல்காரர் முகம் தொங்கிப் போயிற்று. அன்று மாலை அவருடைய கிட்டங்கிக்குப் போனேன். மூங்கிலும் கயிறும் துணிச் சுருளுமாக அடைந்து கிடக்கும் கொட்டகை. மறுநாள் வேலைக்காகக் கம்புகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"அக்கா ஒரே ஒரு ஆளு மட்டும் வரட்டுமே."

"ஒரு ஆளா வருவாகளா?"

"மச்சான் கூட்டிட்டு வருவாரு."

"அப்பறம்?"

"மக வருவா. அவ இல்லாம அக்கா வண்டி ஏற மாட்டாக. மருமகப்பிள்ள கோவிச்சுக்கிருவாரு, அவரையும்..."

"மயிலாடும்பாறையில இருக்க உங்க அக்காவோட சின்ன மாமனாரு?"

"சொல்லாம இருக்க முடியாதுல்ல" என்றார் மெதுவாக.

ஒரு ஆள் என்பது எங்கள் சொந்தத்தில் ஒரு ஆள் கிடையாது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தத் துணியும் வந்து விழுகிற மோசமான தையல் அது. நான் அழவில்லை. அவர் கட்டிக்கொண்டிருந்த கம்புக்கு முன்னால் போய் நின்றேன். "உங்களுக்கு முடிச்சு முக்கியம். எனக்கு உங்க மொகம் முக்கியம். உங்க அக்கா எனக்குப் பின்னால நின்னு கட்டுவாக. நீங்களும் பக்கவாட்டுல நின்னு என் பெடரியப் பாத்துக் கட்டுவீக. நான் மறுபடியும் எவன் சட்டைப் பொத்தானையோ பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அப்படி ஒரு கல்யாணம் எனக்கு ஏற்கெனவே ஆயிருச்சு. இன்னொன்னு வேணாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். கண் என் மேல் இருந்தது. இரண்டு கையும் தடித்த மூங்கிலைச் சுற்றிப் போய், அதன் பின்னால், அவர் கண்ணுக்கே தெரியாத இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. எழும்பி உட்கார்ந்து இறுகியது முடிச்சு. பந்தல் கட்டுகிறவர்களுக்கு இது சாதாரணம். கம்பத்தின் மேல் தொங்கிக்கொண்டு கட்டுகிறவன், கம்பத்தைச் சுற்றிப் போய்ப் பார்க்கவா முடியும்?

"இந்தா, இப்படியே கட்டுங்க" என்றேன்.

"எத?"

"தாலிய. எனக்கு முன்னால நின்னு. மூணு முடிச்சையும் நீங்களே."

அவர் மூங்கிலைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். "கம்பு அசையாது. நீ அசைவியே" என்றார். கல்யாணப் பேச்சில் எனக்குக் கிடைத்த ஒரே சிருங்காரம் அதுதான். அக்காவிடம் அவரே பேசினார். என்ன சொன்னாரோ, அந்தம்மா கொஞ்ச நேரம் ஏசிவிட்டு, "முடிச்சு அவுந்துச்சுன்னா எங்கிட்ட வராத" என்று போனை வைத்தார். எங்கள் சொந்தத்தில் எனக்கு வந்த ஆகப் பெரிய வாழ்த்து அது.

மிச்சத் திட்டமெல்லாம் என் கடைக்கு வந்த பெண்கள் சொன்னதை வைத்துப் போட்டதுதான். பசித்தது என்றார்களா, முதலில் சாப்பாடு, அப்புறம்தான் தாலி. ஊசி குத்தியது என்றார்களா, கொண்டையே கிடையாது, சடைதான். கை இறுக்கியது என்றார்களா, வேலைப்பாடு எதுவும் இல்லாமல், தளர்வாக, எனக்கு நானே ஒரு பருத்தி ஜாக்கெட் தைத்தேன். அந்தக் காதோடு சொன்ன அம்மாவுக்காக, மோட்டார் ரூமை ஒட்டிக் கக்கூஸ் இருக்கிற தோட்டமாகப் பார்த்தேன்.

இடம் சுருளிப்பட்டிப் பக்கம், என் வாடிக்கைக்காரம்மா ஒருவரின் திராட்சைத் தோட்டம். பழம் தொங்குகிற காலத்தில் அந்தப் பக்கம் போட்டோ ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள், ஒரே குலையை மாற்றி மாற்றிக் கடிப்பது போல் நடித்துக்கொண்டு. அதனால் கவாத்து முடிந்து, இலை, கிளை எல்லாம் வெட்டி, கல்தூணும் கம்பியும் மொட்டைக் கொடியுமாக நிற்கிற நாளாகக் கேட்டேன். அந்த வாடிக்கைக்காரம்மாவின் வீட்டுக்காரர் திகைத்தார்.

"காயில்லாத தோட்டத்துல என்னத்தா பாக்கப் போற? கொஞ்சம் பொறு, கொத்துக் கொத்தாத் தொங்கும்."

"தொங்குனா கேமராவும் தொங்கும்ண்ணே."

பதிவு ஆபீஸுக்குச் சாட்சி வேண்டும். அதை வேறொரு நாளைக்கு ஒதுக்கி, டீக்கடைக்காரரையும் அவருடைய தம்பியையும் கூப்பிட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். சட்டம் கேட்கிறது, கொடுக்கிறோம். சொந்தம் கேட்பதற்குச் சட்டம் கிடையாது.

கல்யாணத்தன்று காலையில் போன்களைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு பந்தல்காரரின் வண்டியில் போனோம். தோட்டத்தில் வெட்டிய கொடியின் வாசனை அடித்தது. வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து இட்லியும் பொடியும் சாப்பிட்டோம், நிதானமாக, இன்னும் இரண்டு வை என்று கேட்டு வாங்கி. என் முதல் கல்யாணத்தில் எனக்கு இலை போட்டபோது ரசம் தீர்ந்திருந்தது.

கை கழுவிவிட்டு, மொட்டைக் கம்பிப் பந்தலுக்கு அடியில் நின்றோம். மஞ்சள் கயிற்றை எடுத்து என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையும் என் கழுத்தைச் சுற்றிப் பின்னால் போயின. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நாக்கு நுனியைப் பல்லால் கடித்திருந்தார். நெற்றியில் வேர்வை. கண் மட்டும் என் தலைக்கு மேலே எங்கேயோ போயிருந்தது.

"என்னையப் பாருங்க" என்றேன்.

"ஒன்னையப் பாத்தா கை தப்பிரும். செத்த சும்மா இரு."

முதல் முடிச்சு. இரண்டாவது. மூன்றாவதை இழுத்து இறுக்கியபோது பந்தல் கயிறு என்று நினைத்துவிட்டார் போல, எனக்குக் கழுத்தே வலித்தது. பிறகுதான் கண்ணை இறக்கினார்.

"என்னா அப்படிப் பாக்குற? மொகத்துல என்ன இருக்கு?"

"இட்லிப் பொடி. மீசையில."

துடைக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார். "போட்டோ ஒன்னுகூட எடுக்கலையாமே? போட்டோ இல்லாம என்ன கல்யாணம்? நாளைக்கு நடந்துச்சான்னு எவனாவது கேட்டா என்னத்தக் காட்டுவ?"

"அவரு மீசையில இட்லிப் பொடி இருந்துச்சுண்ணே."

"என்னத்தா ஒளறுற?"

அளவு கொடுக்க ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.