மூன்றாம் தரம் கூப்பிட்டது

இது நடந்தது. ஒஸ்லோவில் நம்மவர்கள் இதைப் பல மாதிரிச் சொல்கிறார்கள். சிலர் பனிப்புயலைச் சேர்த்துவிட்டார்கள், சிலர் கோபுரத்தை இரண்டு மடங்கு உயர்த்திவிட்டார்கள். சுபேசன் யாரையும் திருத்துவதில்லை. அவன் தன் வாயால் இதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. அவன் சொன்னது மட்டும் இங்கே இருக்கிறது.

சுபேசன் சாரம் கட்டுகிறவன். போன மார்கழியில் நகரத்தின் வடக்கு ஓரத்திலுள்ள ஒரு பழைய கல் தேவாலயத்தில் வேலை. எண்ணூறு வருடத்துச் சுவர். அதன்மேல் மர ஓடு வேய்ந்த கூர்கோபுரம், நிலத்திலிருந்து நாற்பது மீற்றர் உயரத்தில், உச்சியில் காற்றோடு திரும்பும் இரும்புச் சேவல். உக்கிப்போன ஓடுகளைக் கழற்றிப் புதிது அடிப்பதற்காகக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் ஏற்றி, பனி விழாமல் வெள்ளைப் படங்கால் மூடியிருந்தார்கள்.

அங்கே அவனைத் தவிர இருந்த ஒரே தமிழர் எட்வேட். ஐம்பது தாண்டியவர். முதல் நாளே தன் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த பெயரைக் கறுப்பு டேப்பால் மறைத்துக்கொண்டார். நோர்வேக்காரர்களும் ஒருவர் விடாமல் அதைத்தான் செய்தார்கள்.

"என்னண்ணை, பேருக்குக் குளிருதோ?" என்றான் சுபேசன்.

"நக்கல் அடியாதை. இந்தக் கோபுரத்தைக் கட்டினவன் மனுசன் இல்லையாம். பூதமாம். கடைசியா அந்தச் சேவலை வைக்கேக்கை, பாதிரியார் கீழை நிண்டு அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மறுமொழி சொன்னான். அவ்வளவுதான். விழுந்து கல்லு மாதிரிச் சிதறிப்போனான்."

"வேலை முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார் பாதிரியார்."

"கேள். அதுக்குப் பிறகு மேலை ஏறுறவையின்ரை பேரை அவன் கூப்பிடுறானாம். மறுமொழி சொன்னா, அந்தப் பேருக்கு உரிய ஆள் விழும். அதாலை மேலை ஆரும் ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. இந்தா, ஒட்டு."

சுபேசன் டேப்பை வாங்கவில்லை. அவன் ஹெல்மெட்டில் இருந்தது சற்குணம். அது அவனுடைய அப்பாவின் பெயர். இந்த நாட்டுக்கு வந்த நம் எல்லாருக்கும் நடந்ததுதான். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. தகப்பன் பெயரைக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் தொடங்கி வேலைத்தலம் வரைக்கும் அவன் சற்குணம்தான்.

"அது என்ரை பேர் இல்லை அண்ணை. பூதம் கூப்பிட்டால், ஆள் மாறிப்போச்சு எண்டு சொல்லிவிடுறன்."

எட்வேட்டும் சிரித்துவிட்டார். "ஊரிலை ஒருத்தனைத் தேப்பன்ரை பேர் சொல்லிக் கூப்பிட்டா மண்டை உடையும். இஞ்சை சம்பளமே அந்தப் பேரிலைதான் வருது."

சிரித்ததோடு அந்தப் பேச்சு போய்விட்டது.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றரைக்கே இருட்டிவிட்டது. மார்கழியில் ஒஸ்லோவின் பகல் அவ்வளவுதான். இரவு காற்று பலமாக இருக்கும் என்று அறிவித்திருந்ததால், உச்சித் தட்டில் படங்கை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. எட்வேட் கருவிகளோடு லிஃப்டில் இறங்கினார். சுபேசன் மேலே தனியாக நின்றான். தலைவிளக்கு வெளிச்சத்தில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

காற்று நின்றது.

படங்கு அசையாமல் இருந்திருக்க வேண்டும். அது மெதுவாக உள்ளே வந்தது. பிறகு வெளியே போனது. உள்ளே... வெளியே...

தார் மணந்தது. புது ஓடுகளுக்கு இன்னும் யாரும் தார் பூசவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தாரின் மணம்.

டொக்... டொக்... டொக்...

கோபுரத்தின் உள்ளே யாரோ ஆணி அடித்தார்கள். அந்த உயரத்தில் உள்ளே ஒரு பூனை நிற்கவும் இடமில்லை.

பிறகு தலைக்கு மேலே பலகை நெரிந்தது. ஒரு காலடி. இன்னொரு காலடி.

அவன் நின்றதுதான் கடைசித் தட்டு. அதற்கு மேலே பலகை இல்லை. சேவல் மட்டும்தான்.

"சற்கூனாம்."

பள்ளிக்கூடத்தில் வரவு கூப்பிடுகிற அதே நோர்வே உச்சரிப்பு. "யா," என்றான் சுபேசன். யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது. மேலே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

விழப்போகிறோம் என்று நினைத்தான். இடுப்புப் பட்டியின் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கால்கள் உறுதியாகத்தான் நின்றன. ஒன்றும் நடக்கவில்லை.

"சற்குணம்."

இந்த முறை உச்சரிப்பு பிழைக்கவில்லை. எந்த நோர்வேக்காரனாலும் அப்படிச் சொல்ல முடியாது. 

அது தன்னைக் கூப்பிடவில்லை என்று அப்போது விளங்கியது.

கையுறையைப் பல்லால் இழுத்து எறிந்துவிட்டு, வெஸ்ட்லியிலுள்ள வீட்டுக்குப் போன் எடுத்தான். மூன்றாவது மணியில் அப்பா எடுத்தார்.

"தம்பி, நீ இப்ப எங்கை நிக்கிறாய்?"

"வேலையிலை அப்பா. ஆரும் கூப்பிட்டால்..."

"அதைத்தான் கேக்கிறன். ஆரோ மேலை நிண்டு என்னைக் கூப்பிடினம். முதல்தரம் கூப்பிடேக்கை உன்ரை குரல் யா எண்டது."

சுபேசன் போனைக் காதோடு அழுத்தினான்.

"அப்பா, நீங்கள் ஏதும் சொன்னனீங்களோ?"

"இல்லை. ரெண்டு தரம்தானே கேட்டது. எனக்குத் தெரியாதே? பேய் எண்டால் மூண்டாம் தரம் கூப்பிடாது. மூண்டு தரம் கூப்பிட்டால்தான் மனுசர்."

ஊரில் எல்லாரும் அறிந்த கணக்கு அது. சின்ன வயதில் சுபேசனுக்கும் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஆனால் அது நம் பேய்களின் கணக்கு...

"அப்பா, மூண்டாம் தரம் கூப்பிட்டாலும் மறுமொழி சொல்லாதேங்கோ. இது வேறை. வாயைத் திறக்காதேங்கோ. அம்மாட்டைக் குடுங்கோ."

"அம்மா குசினியிலை சமைக்கிறா. காத்தாடி போட்டிருக்கிறா, கேளாது."

"எழும்பிப் போய்க் குடுங்கோ அப்பா."

"ஏன் குழறுறாய்? பொறு..."

"சற்குணம்."

தலைக்கு மேலே கேட்டது. போனுக்குள்ளும் கேட்டது. ஒரே நேரத்தில்.

அப்பா சிரித்தார். பயம் விட்டுப்போனவரின் சிரிப்பு.

"பாத்தியே? மனுசர்தான்."

"அப்பா, வேண்டாம்..."

"ஓம்," என்றார் அப்பா. "வாறன்."

போனுக்குள் காற்று இரைந்தது.

வீட்டுக்குள்ளே எடுத்த போனில்... காற்று.

படங்குக்கு வெளியே ஒரு நிழல் மேலிருந்து கீழே போனது.

பிறகு போனில் காற்று நின்றது.

"அப்பா."

இணைப்பு அறுபடவில்லை. குசினிக் காத்தாடி தூரத்தில் சுழல்வது மட்டும் கேட்டது.

கொக்கியைக் கழற்றினான். லிஃப்ட் கீழே நின்றது. ஏணி ஏணியாக இறங்கினான். ஒவ்வொரு தட்டிலும் நின்று போனைக் காதில் வைத்துப் பார்த்தான். காத்தாடி... காத்தாடி...

கீழே எட்வேட் நின்றிருந்தார்.

"என்ன விழுந்தது அண்ணை?"

"ஒண்டும் விழேல்லையடா. பனியைப் பார், ஒரு சுவடு இல்லை. உனக்கென்ன, முகம் வெளிறிப்போய் நிக்கிறாய்?"

அம்மா குசினியிலிருந்து வந்தபோது, அப்பா சோபாவில் சாய்ந்திருந்தாராம். போன் மடியில் கிடந்தது. நித்திரையாக்கும் என்று நினைத்து, போர்வை எடுத்துவந்து போர்த்திவிட்டிருக்கிறா. சுபேசன் ஓடி வந்து போர்வையை விலக்கும்வரைக்கும் அவவுக்குத் தெரியாது.

மாரடைப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். அறுபத்தெட்டு வயது, யாரும் ஆச்சரியப்படவில்லை. சுபேசனும் அப்படியே நம்ப ஆசைப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையிலிருந்து கூப்பிட்டார்கள். உடலைப் பரிசோதித்த வைத்தியர் ஓர் இளம் பெண். கதவைச் சாத்தினாள். பிறகு, அவர் எங்கேயிருந்து விழுந்தார் என்று கேட்டாள்.

விழவில்லை, சோபாவில் இருந்தார் என்றான் சுபேசன்.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை என்றாள் அவள். ஆனால் உள்ளே குதிகால், இடுப்பு, முள்ளந்தண்டு எல்லாம் நொறுங்கியிருக்கின்றன. இப்படி நொறுங்க, ஒரு மனிதர் குறைந்தது நாற்பது மீற்றர் உயரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

வெஸ்ட்லியில் அவர்களுடைய வீடு கீழ்த்தட்டில். ஜன்னலைத் திறந்தால் வெளியே கிடக்கும் பனியைக் கையால் அள்ளலாம்.