டீச்சர் வந்தால் உறையும் கணினிகள்

பெரம்பலூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் ஒரு பெண்ணின் வேலை என்னால் போனது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு என்னுடையது. அதற்கான சாட்சி, கணினிகள் உறைந்த முதல் நாளே என் கைப்பேசியில் படமாக இருந்தது.

பாலிடெக்னிக்கில் கணினி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மையத்தின் பன்னிரண்டு கணினிகளில் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவற்றில் செருகிய மலிவான வைஃபை கருவிகள் அடிக்கடி இணைப்பை விட்டன. காரணம் தேட, அக்கருவியை இயக்கும் நிரலில் சில வரிகள் சேர்த்தேன். அக்கம்பக்கத்தில் தென்படும் ஒவ்வொரு வைஃபையின் பெயரையும் அவை குறித்து வைக்கும். அந்த நிரல் ஓடுவது கெர்னல் என்னும் உட்கருவில். அங்கே பிழை நேர்ந்தால் ஒரு செயலி மட்டும் நிற்காது, கணினியே உறைந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து அப்படித்தான் உறையத் தொடங்கின. ஒன்றல்ல, எட்டுப் பத்து ஒரே நொடியில். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள். படம் எடுத்துப் பார்த்தேன். கடைசி வரிகளில் நான் எழுதிய பகுதியின் பெயர் இருந்தது. பிணம் கிடக்கும் இடமெல்லாம் கொலை நடந்த இடமாகாது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்ததை எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தப் படத்தை நான் திறக்கவே இல்லை.

கணினிகளைச் சந்தேகிப்பதை விட்டு மனிதர்களைச் சந்தேகித்தேன்.

கணக்கு டீச்சர் ஆண்டிமடத்திலிருந்து தினமும் அரியலூர் வந்து பஸ் மாறி வருவார். நாற்பது வயதிருக்கும். அவர் வந்து சிறிது நேரத்தில்தான் எல்லாம் உறைந்தன. திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்கென்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். அந்த இரண்டு நாளும் ஒன்றும் உறையவில்லை. நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மாணவர்களும் கவனித்திருந்தார்கள். "டீச்சர் காலை வச்சா மெஷினு படுத்துருது சார். சுத்திப் போடுங்க" என்றான் ஒருவன்.

"உன் மார்க்குக்கு முதல்ல சுத்திப் போடணும்டா" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் கைப்பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பழைய இயங்குதளமே நன்றாக இருந்தது என்று அவர் முன்பு சொன்னதும் நினைவுக்கு வந்தது. போதுமே.

அறக்கட்டளைச் செயலாளரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் டீச்சரை அழைத்து என் முன்னாலேயே கேட்டார்.

"பையில என்னம்மா வச்சிருக்கீங்க?"

"ஃபோனு சார்."

"ஃபோனை ஆபீஸ்ல குடுத்துட்டுத்தானே கிளாசுக்குப் போகணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதும் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார் செயலாளர்.

மூன்று வாரம் ஒரு கணினியும் உறையவில்லை. நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் வாரம் அனுபவச் சான்றிதழ் வாங்க அவர் வந்தார். செயலாளர் வரும்வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இணைப்பு விட்டுப்போனது. ஜன்னலோரம் இருந்த மாணவி எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "டீச்சர், அப்ளிகேஷன் பாதியில நிக்குது. உங்க ஹாட்ஸ்பாட்டைப் போடுங்க டீச்சர்!"

அவர் பையிலிருந்து ஃபோனை எடுத்து ஏதோ தட்டினார். அடுத்த நொடி பத்துக் கணினிகள் உறைந்தன.

உறையாமல் தப்பிய ஒன்றிரண்டு கணினிகளிலாவது மாணவர்களின் விண்ணப்பம் நின்றுவிடாமல் இருக்கத்தான் தன் சொந்த டேட்டாவை அவர் ஒளித்து ஒளித்துக் கொடுத்து வந்திருக்கிறார். நான் வெளியே ஓடினேன்.

"இப்ப நான் எதையும் தொடலைங்க சார். வாசப்படி கூட ஏறல" என்றார்.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். ஹாட்ஸ்பாட்டின் பெயர் 'முந்திரி'. தமிழில். ஆங்கில எழுத்து என்றால் என் நிரல் அப்படியே குறிக்கும். தமிழை அது துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் நான்கு குறிகளாக எழுதும். இந்த நான்கு எழுத்து தொண்ணூற்றாறு குறிகளாகிவிடும். நான் ஒதுக்கிய இடம் அறுபத்து நான்கு. மிச்சம் வழிந்து உட்கருவின் நினைவகத்தை அழித்தது. வைஃபைக்குத் தமிழில் பெயர் வைப்பார்கள் என்று வாழ்நாளெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்த எனக்குத் தோன்றவே இல்லை.

காரணம் சொல்லாமல், பெயரை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லிச் சோதித்தேன், உறையவில்லை. திரும்பத் தமிழில் வைத்ததும் உறைந்தன. அன்றே திருத்திவிட்டேன். செயலாளரிடம் "ஒரு டெக்னிக்கல் கோளாறு, சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். டீச்சர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். நான் தடுக்கவில்லை.

இரண்டு மாதம் அப்படியே இருந்தேன். பிறகு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி அரியலூருக்குப் போனேன். டீச்சர் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நின்றபடியே படித்தார்.

"அன்னைக்கே தெரியுமா சார்?"

"தெரியும்."

"இதை எங்கிட்ட ஏன் குடுக்குறீங்க? எனக்குத்தான் நான் செய்யலைன்னு தெரியுமே. அங்க குடுங்க."

மறுநாள் அதைச் செயலாளரிடம் கொடுத்து, படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஃபோனை எடுத்து டீச்சரிடம் பேசினார். வைத்துவிட்டுச் சொன்னார்:

"வர்றேங்கறாங்க. நீங்க இங்க இருந்தா வர மாட்டாங்களாம்."

"நியாயம்தாங்க" என்றேன். பன்னிரண்டு கணினிகளின் கடவுச்சொற்களையும் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக என் முன்னாலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் என்னைப் போகச் சொன்னார்.