அலுமினிய ஹெட்டும் இரண்டு சிப்பம் அரிசியும்

எனக்குத் தோள் எலும்பு முறிந்தபோது என் கணவர் என்னைவிடக் காரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார் என்று சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார். அவருடைய அப்பா காலத்துக் கார் அது. கல்யாணமானதிலிருந்து ஓட்டுவது நான்தான். அவருக்கு ஓட்ட வராது, ஆனால் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது.

எலும்பு கூடிய பிறகும் எங்கள் ஊர் மதகுப் பாலத்தில் என்னால் வண்டியைத் திருப்ப முடியவில்லை. வாய்க்காலை ஒட்டிய குறுகலான திருப்பம். வயல் பக்கமிருந்து ஏறி வரும்போது வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தித்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, முன்னால் முழுக்க இரும்பு எஞ்சின்; அந்தப் பாரம்தான் சக்கரத்தைத் திரும்ப விடாது.

"வித்துடலாங்க" என்றேன். சாவியை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் விற்கவில்லை. மறுவாரம் வண்டி தஞ்சாவூர்ப் பட்டறையில் நின்றது. பாரத்தைக் குறைக்க எஞ்சினின் மேல்பாகமான இரும்பு ஹெட் போய் அலுமினிய ஹெட் வந்தது, ரேடியேட்டரும் அலுமினியம். "ஒரு சிப்பம் குறைஞ்சிருக்கு, முழுசா இருபத்தஞ்சு கிலோ! இனிமே போர் தண்ணி ஊத்திடாதே, உப்பு அலுமினியத்தைத் தின்னுடும்" என்றார் என் கணவர். தண்ணீருக்குப் பதில் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் கேனைக் கோயில் தீர்த்தம் மாதிரி ஏந்தி வந்தார்.

முதல் ஓட்டம் நாகப்பட்டினம் பக்கம், நாத்தனார் வீட்டுக்கு. போகும்போது மதகில் இறக்கம், சிரமமில்லை. ஆனால் சம்பா அறுவடை முடிந்த வீடு வெறுங்கையோடு அனுப்புமா? புது அரிசி இரண்டு சிப்பம், முன்சீட்டில் என் கணவரின் காலடியிலேயே ஏறியது.

"எடை கூடும்க்கா" என்று முனகினார்.

"அக்கா வீட்டு அரிசி உனக்குப் பாரமாடா?"

காலைத் தூக்கிச் சிப்பத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மதகில் மாட்டிக்கொண்டோம். இரண்டு கையாலும் இழுத்தேன். தோள் விண்ணென்று தெறித்தது, ஸ்டியரிங் அசையவில்லை. பின்னால் டிராக்டர் ஹாரன் அடித்தது. இனி இந்த வண்டி எனக்கில்லை என்று நினைத்துவிட்டேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு சிப்பத்தைத் தோளில் ஏற்றி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து, அடுத்ததையும் தூக்கிப் போனார். "என்னங்க பண்றீங்க?" என்று டிராக்டர்காரர் கத்தியது அவர் காதில் விழவே இல்லை. அங்கேயே நின்று, திருப்பு என்று கையைக் காட்டினார்.

இழுத்தேன். திரும்பியது.

பாலத்தைத் தாண்டி நிறுத்தினேன். மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், சட்டையெல்லாம் தவிடு.

"பாத்தியா? அலுமினியம்னா அலுமினியம்தான்!"

அவர் மட்டுமே மூன்று சிப்பம் எடை இருப்பார்; அவரும் அரிசியும் இறங்கிய பிறகுதான் வண்டி திரும்பியது.

"ஆமாங்க" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் அழுதிருப்பேன்.