செல்வராணி அக்கா பாடுகிற படம்

மைக்கில் கடற்காற்று மோதி 'புஸ்... புஸ்...' என்று இரைந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரர் மைக்கின் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டார். சத்தம் அடங்கியது. கருவாட்டு வாசம் மட்டும் அடங்கவில்லை...

பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். திருவிழாவுக்கு இன்னிசைக் கச்சேரி. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் சாயங்காலம் நான்கு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள்.

"கச்சேரிப் படம் எடுக்க எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று இங்கே அடிக்கடி கேட்கிறீர்கள். அங்கேதான். ஒரே சாயங்காலத்தில், நன்றாக அசடு வழிந்து.

அப்போது எனக்குக் கீழக்கரையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும். அதனால் சீசனில் எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஸ்டுடியோ முதலாளியைக் காக்கா என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வோம். படத்தைப் பொறுத்தவரை காக்காவிடம் ஒரே சட்டம்தான்.

"கண்ணு தொறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும். மத்ததெல்லாம் டெலிட்டு."

செல்வராணி அக்கா மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர். துபாயில் நம் ஆட்கள் நடத்தும் விழாவில் பாட அவரைக் கேட்டிருந்தார்கள். நோட்டீஸில் போட, மேடையில் பாடுகிற மாதிரி ஒரு படம் மறுநாள் காலைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் வேறு பாடகியைப் பார்த்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டு வருடமாகப் பாடுகிற அக்காவிடம் அப்படி ஒரு படம்கூட இல்லை! திருவிழாக் கேமராக்காரர்கள் சால்வை போர்த்துகிற பெரிய மனிதர்களைத்தான் எடுப்பார்கள். பாடுகிறவர் ஓரத்தில் அரைத் தோளாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். அக்கா எங்கள் ஸ்டுடியோவுக்கு போன் செய்தார். காக்காவுக்கு அன்று வேறு ஆர்டர் இருந்ததால் என்னை அனுப்பினார்.

அக்கா பாட ஆரம்பித்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள்... வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு மேடையைப் பார்த்து நின்றார்கள். காற்றில் முந்தானை ஒரு பக்கம், பாட்டு நோட்டின் தாள் ஒரு பக்கம் பறக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகி, நோட்டை மூடிக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடமாகப் பாடினார். சுருதி ஒரு இடத்திலும் அசையவில்லை.

நானும் மும்முரமாக எடுத்தேன். கிட்டத்தட்ட நூறு படம்.

இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே அக்கா கேமராவை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். முகம் மாறியது.

"ஏந் தங்கச்சி... இம்புட்டு படத்துல ஒண்ணுலகூட நான் பாடலையே!"

எனக்குப் புரியவில்லை.

"எல்லாத்துலயும் வாய மூடிக்கிட்டு நிக்கிறேன். பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பள மாதிரில இருக்கு!"

உண்மைதான்... கல்யாண வீட்டுப் பழக்கம்! அவர் வாயை மூடும் வரை காத்திருந்து, கண் திறந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மட்டும் அமுக்கியிருக்கிறேன். பாட்டு தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அக்கா திட்டவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு. பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடை ஏறினார்.

முதல் பாட்டுக்கு நான் கேமராவைத் தூக்கவே இல்லை. கேட்டேன். பயத்தில்தான் கேட்டேன், ஆனால் நன்றாகக் கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன்... மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் அக்காவின் இடது குதிகால் தரையை விட்டு லேசாக எழும்புகிறது. கண் மூடுகிறது. பிறகுதான் குரல் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே வரிசை. இந்த மனுஷி தொண்டையால் மட்டும் பாடவில்லை, உள்ளங்காலிலிருந்து பாடுகிறார் என்று தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது பாட்டு. கடைசிச் சரணம். குதிகால் எழும்பியது.

அமுக்கினேன்... நாலே நாலு படம்.

கச்சேரி முடிந்து கீழே வந்த அக்காவிடம் கேமராவை நீட்டினேன். காக்கா பார்த்திருந்தால் நாலையும் அழித்திருப்பார். கண் மூடியிருக்கிறது, வாய் முழுசாகத் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லால்லையாக்கா?"

"பன்னெண்டு வருசமா பாடுறேன் தங்கச்சி. நான் பாடுறத ஊரே பாத்திருக்கு... நான்தான் பாத்ததில்ல."

அந்த நாலில் ஒன்றுதான் அன்றிரவே துபாய்க்குப் போனது. நோட்டீஸிலும் வந்தது. அக்கா துபாயில் பாடிவிட்டு வந்தார். இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார். நானும் கல்யாணத்தை விட்டுக் கச்சேரிக்கு வந்துவிட்டேன்.

இப்போது எந்த மேடைக்குப் போனாலும் முன்னால் நூறு செல்போன். பாடி முடிக்கும் முன்பே பாடியது பாடுகிறவர்கள் கைக்கே வந்துவிடுகிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. அரைத் தோளாக யாரும் நிற்க வேண்டியதில்லை. என் கேமராவும் இப்போது எவ்வளவோ முன்னேறிவிட்டது, எவ்வளவு மங்கலான வெளிச்சத்திலும் எடுக்கும்.

ஆனால் அவர்களிடம் படத்தைக் காட்டினால் "சூப்பர்க்கா, டேக் பண்ணிருங்க" என்பதோடு சரி. தன்னைத் தானே முதல்முறையாகப் பார்க்கிற அந்த முகம் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

அன்றும் அதை எடுக்க முடியவில்லை... கேமரா அக்கா கையில் இருந்தது.