நீலமாகிப்போன தங்கம்

போன வெள்ளிக்கிழமை மதியம், ஒரு குடுவைத் தண்ணீர் சிவப்பானதைப் பார்த்து நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தோரு வயதில், வெள்ளை கோட் போட்டுக்கொண்டு.

பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான் எம்.ஃபில். வேதியியல் படிப்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். என் புராஜெக்ட் தங்கம். நகைக்கடைத் தங்கம் இல்லை... கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாகத் தண்ணீரில் மிதக்கிற தங்கம்.

தங்க உப்பைக் கரைத்துக் கொதிக்கவிட்டு சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் நன்னாரி சர்பத் மாதிரி சிவக்கும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிவிட்டு விலகி நிற்கும் வரைதான் அந்தச் சிவப்பு. ஒட்டிக்கொண்டால் நீலம். அப்புறம் கறுப்பாக அடியில் படிந்துவிடும். ஒற்றுமையே பலம் என்று முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்!

எங்களுக்கு மூன்று தடவையும் நீலம்தான் வந்தது.

எங்களுக்கு என்றால் எனக்கும் கீதாவுக்கும். கீதா என் லேப் கூட்டாளி. வயது இருபத்து மூன்று. செல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். போனில் அம்மாவோடு சௌராஷ்டிர மொழி, என்னோடு மதுரைத் தமிழ். ஒரே தங்கக் கரைசலை வைத்துத்தான் இரண்டு பேர் ஆராய்ச்சியும். அது வரவில்லை என்றால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. எனக்கோ மாதக் கடைசியோடு லீவு முடிகிறது.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். குடுவைகளை அமிலத்தில் கழுவுவது அவள். துறையில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவி கெட்டுக் கிடந்ததால், தல்லாகுளத்தில் ஒரு பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன் வாங்கி வருவது நான். சாயங்காலம் வாங்கி வீட்டில் வைத்து, காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோவேன்.

மூன்றாவது நீலத்தைப் பார்த்ததும், எங்கள் ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் பேராசிரியர் எங்கே தப்பு என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கண்ணாடிப் பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை போலிருக்கிறது, சார் என்றேன். கீதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே...

அவள் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு குடுவையாக மறுபடியும் கழுவினாள். அமிலம் பட்டு விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மிச்சமிருந்த தங்க உப்பு ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும், இன்னொரு சீசா வர மூன்று மாதமாகும் என்று கைடு சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். “அக்கா, இங்க வாங்க.”

ஒரு டெஸ்ட் டியூபில் நான் கொண்டுவந்த தண்ணீர். அதில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள். பால் மாதிரி வெளுத்தது. நல்ல தண்ணீர் என்றால் தெளிவாகவே இருக்க வேண்டும். வெளுத்தால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். பிளஸ் டூ பாடம். நானே வருஷாவருஷம் நடத்துகிற பாடம். உப்புத் தண்ணீரில் தங்கத் துகள்கள் விலகி நிற்குமா?

உங்க தண்ணிதான் என்று அவள் சொல்லவில்லை. டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் விசாரித்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

“இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ரெண்டு லிட்டர் எடுத்தேன். நீ திட்டுவியேன்னு போர் தண்ணியப் புடிச்சு ஊத்தி வச்சுட்டேன். தண்ணிதானே?”

எத்தனை தடவை என்று கேட்டேன். கேன் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தாராம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்புகூட வேகாது.

ஒரு ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் எதையாவது சோதித்துப் பார்த்தேனா? இல்லை. தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டியிருந்தது... அதையும் அவள்தான் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடையிலிருந்து நேராக லேபுக்குப் போனேன். முதலில் கைடிடம், கீதாவின் முன்னாலேயே, கணவர் போர் தண்ணீர் ஊற்றியது வரை நடந்ததைச் சொன்னேன். தப்பு என் தண்ணீரில், கீதா கழுவியதில் குறையே இல்லை என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கீதா புதுத் தண்ணீரிலும் இரண்டு சொட்டு விட்டாள். கண்ணாடி மாதிரி தெளிவு.

கடைசித் தங்கத்தைக் கரைத்தோம். கொதித்தது. சிட்ரேட்டை ஊற்றினேன். மஞ்சள் போய் நிறமே இல்லாமல் ஆனது. பிறகு சாம்பல். பிறகு ஊதா... அங்கேயே நின்றுவிடுமோ என்று இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். மெல்ல, அடியிலிருந்து மேல்வரை, சிவந்தது.

நான் அழுததைப் பார்த்து கீதா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“நீங்க சொன்னப்ப கோவந்தாங்க்கா வந்துச்சு. ஆனா நெசமாவே நாந்தான் சரியாக் கழுவலையோன்னு பயம். ரெண்டு நாளாச் சோறு எறங்கல. இப்பத்தான் நிம்மதியா இருக்கு.”

நீலமானது தங்கம் மட்டும் இல்லை, கீதாவும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். புளியோதரை. வழித்துச் சாப்பிட்டோம்.

நேற்று ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை எழுதினேன். முதல் பெயர் கீதா. கைடு இரண்டாவதுதான், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணவர் பெயரைப் போடுவதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.