ஆளுயரப் போன்

செல்போனில் எங்கே தொட வேண்டும் என்பதை ஃப்ளெக்ஸ் பேனராக அடித்தவன் நான். ஆளுயரத்துக்குப் போன் திரை, ஒவ்வொரு பட்டனுக்கும் சிவப்பு அம்புக்குறி, ஓரத்தில் கும்பிட்ட கையோடு நான். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சேலத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. காப்பி இலையைப் படமெடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் ஆப் செய்திருந்தார்கள். அதை மலை ஊர்களில் சொல்லிக்கொடுக்க என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். வாழவந்தி மகளிர் குழுத் தலைவிக்கு என் வகுப்பு பிடித்தால்தான் வேலை நிலைக்கும்.

அடிவாரத்தில் பஸ் ஏறியபோது ஆப்பும் பேனரும் ஒரே மாதிரி இருந்தன. மலைமேல் வாழவந்தியில் பேனரைக் கட்டிவிட்டுப் போனில் ஆப்பைத் திறந்தால் பட்டன் ஒன்றுகூட இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு மைக் படம் மட்டும்.

"ஏனுங்க, நீங்க அம்பு உட்ட எடத்துல ஒண்ணையுங் காணோமுங்களே?" என்றார் தலைவி, தன் போனைக் காட்டி.

வெளியே வந்து கம்பெனிப் பெண்ணை அழைத்தேன். கோபத்தைவிட, அத்தனை பட்டனும் எங்கே போயின என்கிற ஆர்வம்தான் அதிகம்.

"எங்களுக்கே இன்னிக்குக் காலையிலதான் சார் தெரியும். நாங்க வாடகைக்கு வாங்கற ஏஐயில புது வெர்ஷன் வந்து, ஆப்பையே மாத்திருச்சு. இனிமே பட்டனே வேண்டாமாம், வாயால கேட்டாப் போதுமாம்."

"நீங்க எப்படிம்மா கத்துக்கிட்டீங்க?"

"அதுகிட்டயேதான் கேட்டோம் சார்."

ஆப் செய்தவர்களும் என்னைப் போலப் பின்னால்தான் ஓடுகிறார்கள் என்பதில் ஓர் ஆறுதல். அப்படியானால் முன்னால் ஓடுவது யார்? யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

தலைவி போனிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏங் கண்ணு, இந்த எலை எதுக்கு இப்படி மஞ்சளாப் போச்சு?"

துருநோயாக இருக்கலாம், இலையின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள் என்றது போன்.

"அக்கா, எங்க ஊட்டுச் செடியையுங் கேளுங்க!" பெண்கள் மொய்த்தார்கள். நானும் தலையை நுழைத்து, "அப்படியே மிளகுக் கொடியப் பத்தியும் கேளுங்க" என்றேன்.

எல்லாம் முடிந்து பேனரை அவிழ்க்கும்போது, "அடுத்த மாசமும் கிளாஸ் எடுக்க வரட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் பேனரின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கிளாஸெல்லாம் வேண்டாமுங்க. இந்த ஃப்ளெக்ஸ மட்டும் உட்டுட்டுப் போங்க, காப்பி காயப்போட ஆவும். உங்க மூஞ்சி இருக்கற பக்கத்தக் கீழ போட்டுக்கறேன்."