மாணிக்கராஜ் கேட்ட கேள்வி

இலங்கை மலையகத்தில் நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் மாணிக்கராஜுக்கு வேலை. எதைக் கண்டாலும் கேள்வி கேட்கிற ஆள். புது மெஷின் பூட்ட வந்தவரை அவன் துளைத்தெடுத்ததில், அந்த மனுஷன் சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பாதரைப் பிடித்து நிறுத்துகிற முதல் ஆளும் இவன்தான். “உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்” என்பாள் மனைவி றோசாலி.

தொண்ணூற்றெட்டில், யுத்தம் நடந்த காலம், டவுனுக்குப் போன இடத்தில் அடையாள அட்டை கையில் இல்லையென்று பொலிஸ் பிடித்தது. பொலிஸ் நிலையக் கூட்டில் இவனோடு ஒன்பது பேர், எல்லாரும் தோட்டத்து ஆட்கள். யன்னல் கிடையாது, கூரையடியில் ஓர் ஓட்டை மட்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இவனோடு குடியிருந்த இராமையாவும் அங்கே இருந்தார். இழுப்புக்காரர். மூச்சுவிட முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தார். இன்னும் சில நாள் அங்கே இருந்தால் தாங்கமாட்டார்.

அப்போதுதான் பதுளையிலிருந்து கனகரத்தினம் வந்தார். மனித உரிமை அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். பொலிஸ்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“படுக்க இடம் போதுமோ? ஏதும் குறை இருக்கோ?”

“ஒரு குறையும் இல்லைங்க ஐயா” என்றான் மாணிக்கராஜ். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவனே இதை என்னிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கிறார், குறை இல்லையாம்! ஆனால் அவன் பயத்தில் அப்படிச் சொல்லவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை வந்து விசாரித்தால் தோட்டத்தில் எல்லாரும் சொல்லும் பதில் அது, பாட்டன் காலத்திலிருந்தே வாயில் ஊறியது. தவிர, ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால்நீட்டிப் படுப்பது அவனுக்கு வீட்டுப் பழக்கம்.

கனகரத்தினம் அளவு நாடாவை விரித்தார். மாணிக்கராஜால் சும்மா இருக்க முடியவில்லை.

“எதுக்குங்க அளக்கிறீங்க?”

“ஆளைப் பூட்டி வைக்கிறதெண்டால் காத்து வேணும், படுக்க இடம் வேணும். பகல் வெளிச்சத்திலை வாசிக்கக்கூடிய யன்னல் வேணும். அது உலக நாடுகள் ஒத்துக்கொண்ட ஆகக் குறைஞ்ச விதி.”

“திருடனுக்குமாங்க?”

“ஓம், ஆருக்கும்.”

மாணிக்கராஜ் இராமையாவைத் திரும்பிப் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

“அப்படீன்னா குறை இருக்குங்க ஐயா. இவருக்கு மூச்சு நின்னுரும் போல இருக்கு. நான் சொன்னது தப்புங்க.”

அன்று பின்னேரமே இராமையாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கனகரத்தினம் நின்று அனுப்பிவிட்டுத்தான் புறப்பட்டார். மாணிக்கராஜ் கம்பியருகே வந்தான்.

“ஐயா, விட்டுட்டாங்கன்னா இராமையாண்ணே லயத்துக்குத்தானுங்க வருவாரு. ஒரே காம்பரா, ஒத்த அறைதானுங்க, எட்டுப் பேரு. அடுப்புப் புகையும் அதுக்குள்ளதான். யன்னல் கிடையாது. அதை அளக்க எப்ப வருவீங்க?”

குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“அது எங்கட பொறுப்பிலை வராது, தம்பி” என்றார் கனகரத்தினம்.

“ஏனுங்க?” என்றான் மாணிக்கராஜ்.